இவருக்கு உங்கள் செபம் தேவை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் புனிதர் வரலாறு, நவநாள் செபம், திருநாள் மலர் என்று நான் எழுதி அச்சிட்டவை ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. மன்னார்க் கரையில் யாராவது இறந்தால், முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கிற நினைவு மலருக்கும் என்னிடமே வருவார்கள். அண்ணை எழுதினால் சனம் அழும் என்பார்கள். அந்தச் சொல்லில் மயங்கித்தான் கிடந்தேன். புனிதர்களுக்கு எழுதிப் பழகிய கை, வாத்தியாருக்கும் வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டிக்கும் அதே சாந்தத்தையும் அதே பொறுமையையும் கொடுத்து, 'விண்ணகத்திலிருந்து எங்களுக்காக மன்றாடுகிறார்' என்று முடித்துவிடும்.

விடத்தல்தீவில் ஒரு கடற்றொழிலாளி இறந்தபோதும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாளே அவருடைய மனைவி அந்தத் தாளோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணை, இது ஆரின்ரை கதை? என்ரை மனிசன் கோபக்காரன். ஒரு வலையாலை வந்த சண்டை, தம்பியோடை பதினொரு வருசமாக் கதைக்கேல்லை. கதைக்காமலே போயிட்டார்."

இறந்தவரைப் பற்றி நல்லதைத்தானே எழுதவேண்டும் என்று சமாளித்தேன்.

"நீங்கள் அவரை நேரா மோட்சத்திலை ஏத்திவிட்டீங்கள். இதை வாசிக்கிற சனம் அவருக்காக ஏன் செபிக்கப்போகுது? அந்த மனிசன் உத்தரிக்கிற ஸ்தலத்திலை கிடந்தா ஆர் தூக்கிவிடுறது?"

புனிதரிடம் நாம் மன்றாட்டுக் கேட்கிறோம், மோட்சம் சேருமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவக்கறை தீரக் காத்திருக்கிற மற்ற ஆன்மாக்களுக்காக நாம்தான் மன்றாடவேண்டும். இதை எத்தனையோ புத்தகத்தில் எழுதியவன், ஓர் ஆன்மாவுக்குச் சேரவேண்டிய செபத்தை என் அழகான வசனமே மறித்துவிடும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினேன். கோபம், தம்பியோடு பேசாமல் இருந்தது, பசி என்று வந்தவர்களுக்கு மீனைச் சும்மா அள்ளிக் கொடுத்தது, எல்லாம் வந்தன. கடைசி வரி அவருடையது: 'இவருக்கு உங்கள் செபம் தேவை.'

பூசைக்கு நானும் போனேன். இறந்தவரின் தம்பி கடைசி வாங்கில் உட்கார்ந்து மலரை வாசித்தார். சனமெல்லாம் வெளியே வந்த பிறகும் முழங்காலில் நின்றார். இறந்தவரின் மனைவி போய் அவர் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

வாசலில் என்னைக் கண்டதும் அந்தப் பெண் சொன்னார்: "இனி என்ரை மனிசன் மெல்ல மெல்ல ஏறிடுவார், அண்ணை."

அதன் பிறகு எந்தப் புனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும், அவர் யாரோடு கோபித்துக்கொண்டார் என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.