பதினெட்டடி ஒயர்

என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுவேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு என்றால் அவள் சமையலறையில் இருக்கலாம். முப்பது என்றால் ஜன்னலோரம் உட்கார வேண்டும். முப்பத்தாறைத் தாண்டினால் புகை மிஷின். நெபுலைசர் என்று டாக்டர் சொன்ன சின்ன இயந்திரத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். உள்ளே ஒரு மோட்டார் படபடவென்று அடித்துக் காற்றை அனுப்பும். அந்தக் காற்று மருந்துத் தண்ணீரைப் புகையாக்கும். அவள் அதை முகமூடி வழியாக இழுப்பாள். பன்னிரண்டு நிமிடத்தில் எண்ணிக்கை இறங்கும்.

கரண்ட் இருந்தால்தான் இதெல்லாம். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மத்தியானம், மழையில் எங்கள் குரோம்பேட்டைத் தெருவுக்கே கரண்ட் போயிற்று. பம்மல் பக்கத்துத் தோல் பதனிடும் வாடை ஈரக்காற்றோடு வீட்டுக்குள் வந்து நின்றது. மிஷின் ஊமையாக மேஜைமேல் இருக்க, அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு தாம்பரத்துக்கு ஓடினேன். இறக்கும்போது நகங்கள் நீலமாகியிருந்தன. "இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சொல்லி முடித்திருக்கலாம். முடிக்காததால் அந்த வாக்கியத்தை நானே பல விதமாக முடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த தை மாதத்தில் எங்கள் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊரில் வைத்துத்தான் செய்வது அவர்கள் வழக்கம். ஊர் திண்டுக்கல். வீட்டிலிருந்து நானூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம். ரயிலில் போகலாம் என்றால் எங்களுக்குக் கிடைக்கிற பெட்டியில் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும், மிஷினைச் சொருக ஒரு பிளக் கிடையாது.

என் அக்கா நல்ல எண்ணத்தோடுதான் என் மனைவியிடம் சொன்னாள்: "உனக்கு முடியலன்னா நீ வீட்லயே இரு. தாரை வார்க்கறப்ப தண்ணி நான் ஊத்தறேன். தம்பிக்கு அக்கா, தாய் மாதிரிதானே?"

தாரை வார்த்துக் கொடுக்கும்போது அப்பன் கை நீட்ட, பெற்றவள்தான் சொம்பிலிருந்து நீர் விட வேண்டும். என் மனைவி மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "பெத்தப்போவும் வலியை நீங்களே பட்டிருக்கலாம் அண்ணி. எனக்கு அலைச்சல் மிச்சமாயிருக்கும்."

அக்கா அதோடு காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். என் மனைவி என் பக்கம் திரும்பி, "என்னை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு நீங்க கணக்குப் போடுங்க. போறதா வேண்டாமான்னு போடாதீங்க" என்றாள்.

நான் பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஆணி முதல் பேரிங் வரை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பவன். எண்ணினால் எதுவும் தப்பாது என்று அப்போது நம்பியிருந்தேன்.

முதலில் வேன். பம்மலில் பார்த்ததில் தோல் வாடை அடித்தது, ஏறாமலே திரும்பினேன். இரண்டாவதில் மெத்தை விரிக்க இடமில்லை. மூன்றாவதன் டிரைவர் நாற்பது வயதுக்காரர், நல்லவர். நடு சீட்டுகளைக் கழற்றிவிட்டு அவளுக்குப் படுக்கை போட ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார்.

"வண்டி பேட்டரில மட்டும் கை வெக்காதே சார். அதுல நீ மிஷினு ஓட்டினா நடு ரோட்ல நான் உன் மூஞ்சியப் பாத்துகினு நிக்கணும். தனியா ஒரு பேட்டரி போட்டுக்கோ."

சரி, தனி பேட்டரி. லாரிக்குப் போடும் பெரியது ஒன்று. பேட்டரியில் வருவது பன்னிரண்டு வோல்ட். மிஷினுக்கு வேண்டியது இருநூற்று முப்பது. இடையில் அதை மாற்றிக் கொடுக்க இன்வெர்ட்டர் வேண்டும். அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் அலைந்தேன்.

அந்நாளில் எந்த இன்வெர்ட்டர் கடைக்குப் போனாலும் ஒரே கேள்விதான். தாம்பரம் மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரரும் அதையே கேட்டார்: "எத்தனை லைட், எத்தனை ஃபேன் சார்?"

"லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை. ஒரு மிஷின். நூற்றெண்பது வாட்."

"அப்ப ரெண்டு ஃபேன், ஒரு டியூப்லைட்னு வெச்சுக்குங்க. சின்னப் பெட்டி போதும்."

"இது மோட்டார். கிளம்பும்போது நாலு மடங்கு இழுக்கும்."

அவர் பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார். "சார் வேன்ல மாவு மில் வைக்கப் போறார் போல."

சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை. ஆட்டோவில் நீலமான நகங்களைப் பார்த்தவனுக்கு எதுவும் உறைக்காது. இரண்டாவது கடையில் பெட்டி பெரிதாக இருந்தது; ஆனால் பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே அணைந்துவிடும் என்றார்கள். மூன்றாவது கடையில் மிஷினையே எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பத்து முறை நிறுத்தினேன், பத்து முறை கிளப்பினேன். பத்து முறையும் கிளம்பியது. அந்தப் பெட்டியை வாங்கினேன். வீட்டிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறை போட்டால் பேட்டரியில் இருபது ஆம்பியர் வீதம் பன்னிரண்டு நிமிடம் இறங்கும். திண்டுக்கல் வரை இருபது முறை போட்டாலும் தாங்கும் என்று தாளில் எழுதி அவளிடம் காட்டினேன். அவள் படிக்காமலே மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

தப்பு நடந்தது புறப்படுவதற்கு முந்தைய நாள். பேட்டரியிலிருந்து ஆசிட் ஆவி வருமே, அது அவள் மூச்சில் படக்கூடாதே என்ற பயம் எனக்கு. பேட்டரியை வேனின் பின்கதவு ஓரம் வைத்தேன். அவள் படுக்கை டிரைவருக்குப் பின்னால். இன்வெர்ட்டரை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். பெட்டியோடு வந்த ஒயர் கட்டை விரல் பருமன், ஆனால் நீளம் இரண்டடிதான். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய நல்ல செம்பு ஒயர் ஒரு சுருள் பரணில் இருந்தது. பதினெட்டடி அளந்து வெட்டி ஒட்டுப் போட்டேன். வீடு முழுக்க ஓட்டுகிற ஒயர் ஒரு மிஷினை ஓட்டாதா?

விடியற்காலை வேன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் டிரைவர். என் மனைவி இன்வெர்ட்டருக்கும் குங்குமம் வைத்தாள். நான் மிஷினைச் சொருகப் போனேன்.

"என்ன பண்றீங்க?"

"கடைசியா ஒருதரம் ஓட்டிப் பாத்துடறேன்."

"பொண்ணு கல்யாணத்துக்குக் கிளம்பற நேரத்துல நோயாளி மிஷினை வெறுமனே ஓட்டாதீங்க. வேணும்னு கூப்பிடற மாதிரி இருக்கு. நல்லாயில்லை."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை. மிஷினுக்குப் பதில் ஒரு டியூப்லைட்டை மாட்டிப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. "ம், வெளிச்சம் நல்ல சகுனம்" என்றாள். கிளம்பினோம்.

விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஏழு லாரி. பின்னால் எத்தனை என்று எண்ணுவதற்குள் இரண்டு பஸ் வந்து ஒட்டிக்கொண்டன. யாரும் எஞ்சினை நிறுத்தவில்லை. காற்றே இல்லாத காலை. கறுப்புப் புகை எங்கும் போகாமல் எங்கள்மேலேயே இறங்கியது. ஜன்னல்களை மூடினேன். மூடுவதற்கு முன்பே அவள் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிவிட்டாள். முப்பத்திரண்டு. வாய்க்குள் மருந்தடிக்கும் கைப்பம்பை, இன்ஹேலரை, அடித்தேன். முப்பத்தெட்டு.

மிஷினில் மருந்தை ஊற்றி முகமூடியை மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஒருமுறை உறுமியது. நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு.

அணைத்துப் போட்டேன். உறுமல். சிவப்பு விளக்கு. மறுபடி போட்டேன். கடையில் பத்து முறை கிளம்பியது, வீட்டில் கிளம்பியது, இங்கே ஐந்து முறை போட்டும் ஒரு சொட்டுப் புகை வரவில்லை. அவள் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் இதையும் பார்த்துக்கொள்வேன் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. நாற்பத்து நாலு. அதற்குமேல் எண்ண முடியவில்லை, மூச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

"கேட்டைத் திறக்கச் சொல்லுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"ரயிலு வராம எவன் சார் தொறப்பான்?" என்று டிரைவர் சீட்டைத் தாண்டி உள்ளே குதித்தார். குதித்த இடத்தில் ஒயரை மிதித்தார். குனிந்து தொட்டவர் கையை உதறினார். "இன்னா சார் இது, ஒயரு கொதிக்குது! இவ்ளோ ஒல்லி ஒயர்ல இவ்ளோ தூரம் இஸ்துகினு வந்துகீறே. என் வண்டி கெளப்புற செல்ஃப் மோட்டாருக்குப் போற ஒயரு எத்தத் தண்டி கீது பாத்துகீறியா?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. வீட்டில் அந்த ஒயரில் ஓடுவது ஓர் ஆம்பியர். பேட்டரிப் பக்கம் ஓடுவது இருபது. அந்த இருபதை என் கையாலேயே தாளில் எழுதியிருந்தேன். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்க்க எழுதினேன். ஒயர் தாங்குமா என்று பார்க்கவில்லை. பாதி கரண்ட் வழியிலேயே சூடாகி வீணானது. டியூப்லைட் கொஞ்சம்தான் குடித்தது, அதனால் எரிந்தது. அவளைக் காப்பாற்ற நான் தள்ளிவைத்த தூரம்தான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

"பேட்டரிகிட்ட! பெட்டியை பேட்டரிகிட்ட கொண்டு போங்க!"

அவர் பெட்டியைத் தூக்கினார். நான் ஒட்டுகளைப் பிய்த்தேன். விரல் பொசுங்கியது அப்போது தெரியவில்லை. பருமனான இரண்டடி ஒயர்களை நேராகப் பேட்டரியில் வைத்து அழுத்தி முறுக்கினேன். சிவப்பு எது கறுப்பு எது என்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். மிஷின் ஒயர் முன்பக்கம் எட்டாது. ஆகவே இருவருமாக மெத்தையின் இரு முனைகளைப் பிடித்து, அவளை மெத்தையோடு பின்பக்கம் இழுத்தோம். அவள் தோள் பேட்டரியில் இடித்தது. ஆசிட் வாடை எனக்கே அடித்தது.

சுவிட்ச். உறுமல். பிறகு அந்தப் படபடப்பு. வெள்ளைப் புகை முகமூடிக்குள் எழும்பியது.

மூன்றாவது நிமிடத்தில் ரயில் போனது. கேட் திறந்தது. முன்னால் லாரிகள் நகர, பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்: "யோவ், வண்டிய எட்றா! தூங்கறியா?"

எங்கள் டிரைவர் கதவைத் திறந்து, "உள்ள ஒரு அம்மா மூச்சு வுட்டுகினு கீது. நீ வேணா ஒதுங்கிப் போ நைனா" என்றார். பஸ்காரர் எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய், பின்னாலிருந்த வண்டிகளை ஒதுக்கிவிட ஆரம்பித்தார்.

பன்னிரண்டு நிமிடம் முடிந்தபோது முப்பத்து நாலு. அவள் உதட்டுக்கு நிறம் வந்திருந்தது.

"திரும்பிடலாம்" என்றேன். "விழுப்புரத்துல டாக்டர்கிட்ட காட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம். அக்கா ஊத்தட்டும்."

அவள் முகமூடியை விலக்கினாள். வார்த்தைக்கு ஒரு மூச்சு: "என்ன... ஆச்சு... பெட்டிக்கு?"

"பெட்டி நல்ல பெட்டி. ஒயர் நான் போட்டது. என் தப்பு."

"அப்ப... சரி பண்ணியாச்சுல்ல." டிரைவரைப் பார்த்து, "நீங்க... திண்டுக்கல்லுக்கே... விடுங்க" என்றாள்.

விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டி ஓர் ஊசி போட்டுக்கொண்டுதான் மேலே போனோம். மீதி வழி முழுக்க அவள் பேட்டரி ஓரமே படுத்திருந்தாள். நான் பின்கதவை ஒரு கயிற்றால் அரையங்குலம் திறந்து கட்டி, ஆவி வெளியே போகிறதா என்று மோந்துகொண்டே வந்தேன். உளுந்தூர்பேட்டையில் ஒருமுறை, திருச்சி தாண்டி ஒருமுறை மிஷின் ஓட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போடுவதற்கு முன் என் கை நின்றுவிடும். "போடுங்க" என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டியையும் பேட்டரியையும் வேனிலிருந்து இறக்கி மணமகள் அறை வாசலில் வைத்திருந்தோம். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மண்டபத்தில் கரண்ட் போனது. மண்டபத்தில் இன்வெர்ட்டர் வைத்திருந்த ஒரே ஆள் நான் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீடியோ எடுப்பவர் வந்தார், மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார்.

"சம்பந்தி, உங்க பெட்டியைக் கொஞ்சம் குடுங்க. வீடியோ லைட்டுக்கு மட்டும். பத்தே நிமிஷம்."

"முடியாது" என்றேன்.

"பொண்ணு கல்யாணம் இருட்டுல பதிவாகட்டுமா?"

"ஆகட்டும்."

சித்தப்பா தன் பக்கத்திலிருந்தவரிடம், "ஒரு லைட்டுக்குக் கூட மனசு வரலை பாருங்க. இந்த வீட்டுல நம்ம பையன் எப்படிக் காலந்தள்ளப் போறானோ" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். பெட்டியை விட்டு நான் நகரவில்லை. ஆனால் பெண்ணின் அப்பனாக மேடைக்குப் போயாக வேண்டும். பெட்டியை யாரிடம் விட்டுப் போவது? எங்கள் டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மணமகள் அறை வாசலில் இருந்த அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீ போ சார். எவன் வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்."

மேடையில் கையை நீட்டினேன். மாப்பிள்ளையின் கைமேல் பெண்ணின் கை, அதன்மேல் என் கை. பக்கத்தில் என் மனைவி சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விட்டு விட்டு விழுந்தது. அவள் தோள்கள் ஏறி இறங்குவது பட்டுப்புடவையிலும் தெரிந்தது. ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவள் தோளுக்கு மேலாக, அந்த அறை வாசலில் டிரைவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.