தட்டில் மிஞ்சியது

பைக் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் இருபது வருடமாக ஹெட் மெக்கானிக்காக இருப்பவருக்குத் 'தட்டு மாமா' என்று பெயர். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தட்டு வைப்பார். கழற்றியதெல்லாம் அதில் கிடக்கும். தட்டு காலியானால்தான் வண்டி வாசலைத் தாண்டும். மீறியவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அன்று மதியம் அவருடைய தட்டிலேயே ஒரு சின்னக் கம்பி மிஞ்சிக் கிடந்தது. பின்சக்கர நட்டு கழலாமல் பிடித்து வைக்கும் கம்பி அது. காலையில் ஒரு நர்ஸ் எடுத்துப்போன வண்டியுடையது. உடனே போன் செய்தார்.

"வண்டியத் தொடாதீங்கம்மா. தப்பு என்னோடது, நானே வர்றேன்."

மேனேஜர் முகம் சுளித்தார். "நீங்களா ஏன் ஊதிப் பெருசாக்குறீங்க? கம்ப்ளைன்ட் வந்தா பாத்துக்கலாம்."

மாமா ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டினார்.

"கம்ப்ளைன்ட் குடுக்க அந்தம்மா இருக்கணுமே, சார்."