போர்மேனின் பெருவிரல் பள்ளம்

ஏழாம் நம்பர் அயர்ன் என்னும் கோல்ஃப் மட்டையின் பிடி ரப்பரில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பாதாம்பருப்பை அழுத்தி எடுத்தது போன்ற வடிவம். மற்ற இடங்களில் ரப்பரின் சொரசொரப்பு இன்னும் மிச்சமிருக்க, அந்த இடம் மட்டும் வழவழவென்று பளபளக்கிறது. மட்டையின் முகத்தைத் தரையில் நேராக வைத்துப் பார்த்தால் பள்ளம் நடுவில் இல்லை; வலப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஐந்தாம் நம்பரிலும் ஒன்பதாம் நம்பரிலும் அதே இடத்தில் அதே சரிவு. என் விரல் பதிந்த பள்ளம் அல்ல அது. அதை உண்டாக்கியவரை நாங்கள் எல்லோரும் போர்மேன் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்பில் எங்கள் வீடுகள் எதிரெதிரே இருந்தன. நான் வரைபடப் பிரிவு. அவர் பம்புகளையும் வால்வுகளையும் பிரித்துப் பூட்டும் பிரிவு. புதுப்பட்டினத்துக்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். இவர் ஐடிஐ முடித்து ஸ்பேனர் பிடித்து, அந்தப் பிரிவுக்கே போர்மேன் ஆனார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவருடைய மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன், வெளியூரில் படிப்பு. விடுமுறை நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரும் ஆட்கள் அந்தத் தெருவில் நாங்கள் இருவர்தான். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

புதுப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடல் மணலுக்கும் நடுவே கிடந்த பொட்டலில் சில அதிகாரிகள் கோல்ஃப் ஆட இடம் அமைத்திருந்தார்கள். புல் கிடையாது. குழியைச் சுற்றி மணலில் கழிவு எண்ணெய் தெளித்து இறுக்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் மட்டைகளை விற்றார். போர்மேனும் நானும் சேர்ந்து வாங்கினோம். வாங்கிய அன்றே பங்கு பிரித்தோம். தூரமாக அடிக்கும் மரமட்டையும், கடைசியில் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையும் எனக்கு. நடுவில் வேலை செய்யும் இரும்பு மட்டைகள் எல்லாம் அவருக்கு.

“மரம் உனுக்கு, இரும்பு எனுக்கு. இரும்பப் பத்தி உனுக்கு இன்னா தெரியும் அண்ணாத்த?” என்றார்.

ஆக, இரண்டு பேருக்கும் ஒரே பந்து. நான் மரமட்டையால் அடித்து அனுப்புவேன். அது விழுந்த இடத்திலிருந்து அவர் குழியருகே கொண்டுபோய்ச் சேர்ப்பார். நான் உருட்டிவிடுவேன். இருவர் ஒரு பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு என்று பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். மட்டைகளையே பாகம் பிரித்துக்கொண்டு ஆடுவதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. தோற்றால் இருவரும் தோற்போம், அதுவும் யாரிடம் என்று தெரியாமல். பல வருஷம் அப்படியே ஆடினோம்.

போர்மேன் அடித்த பந்து எப்போதும் இடப்பக்கம் வளையும். கோல்ஃபில் அதை ஹூக் என்பார்கள். காரணம் அவர் பிடி. இடது கையை மட்டையின்மேல் வலப்பக்கமாகத் திருப்பி, பெரிய ஸ்பேனரால் துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது போலக் கவ்விப் பிடிப்பார். குனிந்து பார்த்தால் விரல் முட்டிகள் நாலும் தெரியும். இரண்டு, மிஞ்சிப்போனால் இரண்டரை முட்டிதான் தெரிய வேண்டும், பெருவிரல் ஏறக்குறைய மேலே நடுவில் படுக்க வேண்டும், அப்போதுதான் மட்டையின் முகம் முன்னதாகவே மூடிக்கொள்ளாமல் பந்தை நேராகச் சந்திக்கும் என்று நூலகப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. அதை எடுத்துப்போய்க் காட்டினேன். உள்ளங்கையில் மண் ஒட்டியிருக்க, பக்கத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

“இத எழுதுனவன் ஸ்பேனர் புடிச்சிருக்கானா?”

“இருக்காது.”

“அப்ப அவன் கைய அவன் வச்சிக்கட்டும், என் கைய நான் வச்சிக்கிறேன்.”

அவர் பிடியை மாற்றவில்லை. நிற்கும் திசையை மாற்றிக்கொண்டார். குழிக்கு அடையாளமாக வடக்கே கொடி நட்டிருந்தால் இவர் கிழக்கே திரும்பி, அலையைக் குறிபார்த்து நிற்பார். பந்து கடல்மேல் கிளம்பும். முதல்முறை பார்ப்பவர்கள் ஐயோ என்பார்கள். பாதி வானத்தில் அது மனம் மாறியது போல இடப்பக்கம் திரும்பி, கரையேறி, கொடிக்குப் பக்கத்தில் வந்து விழும். “கடலப் பாத்து அட்ச்சி வுடு. அது தானா வூட்டுக்கு வந்துடும்” என்பார். மாலையில் கடல்காற்று வலுத்தால் கணக்கு மிஞ்சி, பந்து சவுக்குத் தோப்புக்குள் போகும். அப்போது அது என் தப்பு. “எங்க கொண்ணாந்து வச்சிகீற பாரு பந்த! இன்னா மனுசன்யா நீ!”

ஓய்வு பெற்றபின் நான் செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தேன். அவர் புதுப்பட்டினத்திலேயே இருந்தார். சனிக்கிழமை தவறாமல் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து அவரோடு ஆடப் போவேன். ஒரு ஆடி மாதம் அவர் மகன் நியூசிலாந்திலிருந்து வந்து அப்பாவை அழைத்துப் போனான். கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை என்று முதலில் எழுதினேன். இல்லை, சனிக்கிழமைதான், மறுநாள் சர்ச்சுக்குப் போகாமல் கிளம்புகிறோமே என்று அவர் குறைப்பட்டது நினைவிருக்கிறது. மட்டைகளை விமானத்தில் ஏற்றினால் எடை கூடும் என்றான் மகன். போர்மேன் அவற்றை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி என் தோளில் சாய்த்தார்.

“பத்தரமா வையி. கிறிஸ்மஸ் முட்ச்சிகினு வந்துடுவேன். ரப்பருக்கு வெயில் காட்டாத, காஞ்சிப் பூடும்.”

அந்தக் கிறிஸ்துமஸ் போய், அடுத்ததும் போய்விட்டது.

முதலில் சில மாதம் மைதானத்துப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, வீட்டில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல், எல்லா மட்டைகளையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். “இன்னா சார், மீன் புடிக்கவா?” என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். மைதானத்தில் யாரும் இல்லை. மரமட்டையால் அடித்தேன்; நேராகப் போனது. பந்து கிடந்த இடத்துக்கு நடந்துபோய், பழக்கத்தில் ஒதுங்கி நின்றேன், அடுத்தவர் அடிக்கட்டும் என்று. அப்படி எவ்வளவு நேரம் நின்றேனோ. அதன்பிறகுதான் முதல்முறையாக ஏழாம் நம்பரை எடுத்தேன். கொடியைப் பார்த்து நின்று அடித்தேன். பந்து இடப்பக்கம் வளைந்து தோப்புக்குள் போனது. ஐந்தாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், எல்லாம் அப்படியே. வாரக்கணக்கில் அதே கதை. மரமட்டையால் அடித்தால் நேர், இரும்பு மட்டையால் அடித்தால் ஹூக். தோளை மாற்றினேன், காலை மாற்றினேன். கடைசியில் போர்மேனைப் போலக் கடலைப் பார்த்து நிற்கத் தொடங்கினேன். பந்து தானாக வந்து கொடிப் பக்கம் விழுந்தது. அவர் அடித்த பந்தைப் பார்த்தது போலவே இருந்தது. அதனால் கொஞ்சநாள் அப்படியே விட்டுவிட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் வீட்டில் மட்டைகளைத் துடைக்கும்போதுதான் பள்ளம் கண்ணில் பட்டது. விரலை வைத்துப் பார்த்தேன். இடது பெருவிரல் தானாக அதற்குள் போய் உட்கார்ந்தது. கை அதோடு வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. முட்டிகள் நாலும் தெரிந்தன.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டுக்கு ரப்பர் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “இத வச்சிகினு எப்படி சார் அடிக்கிறீங்க? மொத்தமா உரிச்சிட்டுப் புதுசு ஏத்திடலாம். சாயந்தரம் வாங்க.” கத்தியை எடுத்தார்.

“இருங்க. இது என்னுது இல்ல.”

“யாருது?”

“வெளிநாட்டுல இருக்காரு. வருவாரு.”

“வரும்போது புதுசா இருந்தா சந்தோசப்படுவாரு சார்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் திரும்பி வருகிறவருக்குத் தன் பிடி வேண்டும். அதை உரிக்கச் சொன்னால், அவர் வரமாட்டார் என்று அந்தக் கடையில் நின்று நானே சொல்வது போலாகிவிடும். மட்டைகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் போர்மேன் வழக்கம்போல நியூசிலாந்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது ஏழாம் நம்பரைப் போனுக்கு நேரே பிடித்து, ஹூக் கதையைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

“அது என் கை, அண்ணாத்த. உன் கைய அதுக்குள்ள வுட்டா அது என் பந்தத்தான் அடிக்கும்.”

“அப்ப நீயே வந்து அடி. எனக்கு வேண்டாம்.”

சிரிப்பு நின்றது. பிறகு அவர் வலது கையால் தன் இடது கையை எடுத்து, ஏதோ சாமானைத் தூக்கிக் காட்டுவது போலப் படத்துக்குள் கொண்டுவந்தார். விரல்கள் பாதி மடங்கி அப்படியே நின்றன. இத்தனை மாதமும் அவர் பேசும்போது அந்தக் கை படத்துக்குள் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஸ்பூனு கூட புடிக்க மாட்டேங்குது. பொங்கலுக்கு முன்னாடியே இப்படி ஆயிட்ச்சி. ஃபிளைட்டு ஏறவே கூடாதுன்னு டாக்டரு சொல்டாரு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சனிக்கெயமை போவ மாட்ட.” கையை மறுபடி மடியில் இறக்கினார். “ரப்பர மாத்திடுய்யா. அத இன்னா கண்ணாடிப் பொட்டில வச்சிப் பூட்டவா போற? மாத்து.”

சரி என்றேன். ஆனால் கடைக்குப் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை மைதானத்தில், மட்டையின் முகத்தைத் தரையில் நேராக வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குள் போகத் துடித்த பெருவிரலை அதன் இடப்பக்கம், ஏறக்குறைய மேலே, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ரப்பர் அங்கே புதிதாக, விரலுக்குப் பழகாமல் உறுத்தியது. இரண்டு முட்டிகள் தெரிந்தன. வலது கையை அதன்மேல் போர்த்தினேன். காலியான பள்ளம் வலது உள்ளங்கைக்கு அடியில் வந்தது. மூடிப் பிடித்திருந்தாலும் அது இருப்பது தெரிந்தது.

அடித்தேன். கை அதிரவே இல்லை. அந்த மட்டையில் அவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் உண்டாக்கியதில்லை. பந்து உயர்ந்து கிளம்பியபிறகுதான் என் கால்களைப் பார்த்தேன். பழக்கத்தில் அவரைப் போலவே, கடலைப் பார்த்து நின்றிருந்தேன்.

இருந்தாலும் தலையை நிமிர்த்திக் காத்திருந்தேன். பாதி வானத்தில் அது வழக்கமாகத் திரும்பும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தைத் தாண்டி, நேராக, மிக அழகாகப் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தின்மேலிருந்து உள்ளங்கையை எடுக்காமல், பந்து தண்ணீரில் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.