மூன்றாவது மெஷின்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது எனக்கே நடந்தது. நடுராத்திரியும் இல்லை, நாய் ஊளையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி இரண்டு நாற்பது.

நான் வேலை பார்ப்பது ஆம்புலன்ஸ் அழைப்பு அலுவலகத்தில். யார் உதவி கேட்டாலும், அந்தத் தகவலை எங்கள் நெட்வொர்க் சர்வீஸ்தான் பக்கத்தில் இருக்கும் டிரைவரின் போனுக்கு அனுப்பும். அதற்கு மூன்று மெஷின்கள். இரண்டு புதுசு. மூன்றாவது பழசு, உபரி என்று பட்டியலில் இருந்தது. நான் சேர்ந்த இரண்டு மாதத்தில் அது வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

அன்று அது தானாக எழுந்து அழைப்புகளை எடுத்தது. எடுத்த மறுநொடி செத்தது. மறுபடி எழுந்தது. மறுபடி செத்தது. நல்லவேளை, அது கைவிட்ட அழைப்புகளை மற்ற இரண்டும் பிடித்துக்கொண்டன.

எழுந்துபோய் மேனேஜருக்கு போன் போட்டேன்.

“பழைய மெஷினா?” என்றார். “அது சித்தப்பா எழுதின புரோகிராம்மா. அந்த ஆளோட தப்புன்னு ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு, அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடு.”

சித்தப்பா என்பது ஆபீஸே வைத்த பெயர். எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர், நல்ல உயரமாம். போன வருஷம் சர்வீஸ் இதே மாதிரி விழுந்து, ஒரு ஆம்புலன்ஸ் தாமதமானது. பழியை அவர் தலையில் கட்டி வேலையை விட்டு அனுப்பினார்கள். மூன்றே மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். செத்தவர் வந்து மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியம் மேனேஜருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பார்க்காம எழுத மாட்டேன் சார்.” வைத்துவிட்டேன்.

இரண்டு ஐம்பத்தொன்று. திரும்பி வந்து உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை. யாரோ நாற்காலியை ஏற்றி வைத்திருந்தார்கள்.

மூன்று மணி இரண்டு நிமிஷம். மெஷின் அறைக்குள் கீபோர்டு சத்தம். டக்... டக் டக்...

அந்த அறையில் கீபோர்டே கிடையாது.

“உள்ள யாருண்ணே?” என்று காவலாளியைக் கேட்டேன்.

“யாரும்மா இருப்பா? பூட்டித்தானே கிடக்கு. சாவி என்கிட்ட.”

மூன்றாவது மெஷினை, அழைப்பு எடுக்கும் மெஷின்களின் பட்டியலிலிருந்து நீக்கினேன். திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. பயம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம்.

“என்னதான் வேணும்?” என்று சத்தமாகவே கேட்டேன்.

டக் டக் நின்றது...

திரையில் ஒரே ஒரு வரி. ‘இந்த பிராசஸருக்குத் தெரியாத கட்டளை.’

எனக்குப் பொறி தட்டியது. பிராசஸர்தான் மெஷினின் மூளை. நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். ‘இந்தப் புது பிராசஸருக்கென்றே மாற்று’ என்று அதில் ஒரு செட்டிங் வைக்கலாம். வேகம் கூடும். ஆனால் அதைப் பழைய பிராசஸரில் ஓட்டினால், தெரியாத கட்டளை வந்ததுமே புரோகிராம் செத்துவிடும். ஒல்லித் தம்பிக்கு அளவெடுத்த சட்டையைக் குண்டு அண்ணனுக்கு மாட்டினால் தையல் விடுமே, அதுதான்.

செட்டிங் கோப்பில் யார் எப்போது கைவைத்தார்கள் என்று பார்த்தேன். அந்த வரியைச் சேர்த்தவர் மேனேஜர். போன வருஷம், சர்வீஸ் விழுந்ததற்கு முந்தின நாள். சித்தப்பா அதை நீக்கியிருந்தார். அவரை அனுப்பிய மறுநாளே மேனேஜர் வீம்புக்குத் திரும்பச் சேர்த்திருந்தார்.

வரியை அழித்தேன். புதிதாகக் கம்பைல் செய்து மூன்றிலும் ஏற்றினேன்.

மூன்று பதினேழு.

மூன்றாவது மெஷின் எழுந்தது.

ஒரு அழைப்பு வந்தது... எடுத்தது... அனுப்பியது.

சாகவில்லை.

என் தோளுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்...

நான் திரும்பவில்லை. ரிப்போர்ட்டை எழுதினேன். தேதி, வரி, மேனேஜர் பெயர், எல்லாம். கையெழுத்துப் போட்டு மேனேஜருக்கும், அவருக்கு மேலே இருப்பவருக்கும், சித்தப்பா வீட்டுக்கும் அனுப்பினேன்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்தது. “உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?”

“வேணும் சார். ஆனா எழுதினதை மாத்த மாட்டேன்.”

மறுநாள் ஹார்டுவேர் பார்க்கும் தம்பி வந்து மூன்றாவது மெஷினைத் திறந்தான். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா... இதுல பிராசஸரே இல்லையே.”

எட்டிப் பார்த்தேன். பிராசஸர் உட்காரும் இடம் காலி. ஒரு வருஷத் தூசி, கலையாமல் படிந்திருந்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பாவின் மனைவி போனில் பேசினார்.

“நீ அனுப்பின ரிப்போர்ட் கிடைச்சதும்மா. அந்த மெஷின்ல இருந்து என்னமோ ஒண்ணை, கடைசி நாள் அவரே கழட்டி எடுத்துட்டு வந்தாரு. சின்ன சதுரத் தகடு. ‘இதுதான் என் சாட்சி’ன்னு சட்டைப் பையிலயே வெச்சிருந்தாரு. எரிக்கும்போதுகூட நாங்க அதை எடுக்கல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று பதினேழுக்குப் பிறகு மூன்றாவது மெஷின் எடுத்த அழைப்புகள் பதினொன்று. பதினோரு ஆம்புலன்ஸும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.