நானூறு எழுத்துருக்களும் ஒரு காது மிஷினும்

இலுப்பூரில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு சேர்ந்தது. வேறு வேலைகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டும் இருக்கிறேன். கடையில் மூன்றே பேர்: முதலாளி அண்ணன், டைப் அடிக்கும் அக்கா, நான். கல்யாணம், காதணி விழா, கிடாவெட்டு, புதுமனை என்று ஏதாவது ஒரு பத்திரிகை எப்போதும் திரையில் இருக்கும்.

அக்காவுக்கு ஒரு திறமை உண்டு. யார் வீட்டுப் பத்திரிகையைக் கொடுத்தாலும், அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இது கீரனூர்ல அடிச்சது", "இது அறந்தாங்கி" என்று சொல்லிவிடுவார். எழுத்தின் வளைவு, பார்டர், பிள்ளையார் சுழி போட்டிருக்கும் இடம், அவ்வளவு போதும் அவருக்கு. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். தப்பியதில்லை.

ஒரு மதியம் அண்ணன் சாப்பிடப் போனதும், அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"காது மிஷின் என்ன வெலை வருதுன்னு பாக்கணும்டி. யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். வலது காது மந்தமாயிருச்சு. போன் வந்தா ஒங்கிட்ட தள்ளிவிடுறேன்ல, ஏன்னு நெனச்ச? அண்ணனுக்குத் தெரிஞ்சா போன் வேலைய எடுத்துருவாரு. அப்புறம் நான் இங்கிட்டு என்னத்துக்கு?"

போன் வேலை என்றால், வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல உறவுக்காரர் பெயர்களை எழுதிக்கொள்வது. ஒரு சித்தப்பா விட்டுப்போனால் விழாவே சண்டையில் முடியும். நான் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அது அக்காவின் பொறுப்பு. அவர் வீட்டு போன் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அதில் தேடினால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"இவ்வளவுதானாக்கா?" என்று பிரவுசரில், பார்த்ததைச் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்தேன். மூடிவிட்டால் எதுவும் மிஞ்சாது, கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அளந்துவிட்டேன். லாகின் செய்யவில்லை. ஒரு ஷாப்பிங் தளத்தில் அரைமணி நேரம் மிஷின் மிஷினாகப் பார்த்தோம். போதாததற்கு ஹிஸ்டரியையும் அழித்தேன்.

மறுநாள் ஒரு காதணி விழாவுக்குப் பத்திரிகை அடிக்கக் குழந்தையின் தாய்மாமன் வந்தார். பேச்சுவாக்கில் தாம்பூலப் பை என்ன விலை என்று கேட்டார். அண்ணன் அதே கம்ப்யூட்டரில் அதே தளத்தைத் திறந்தார். பை வருவதற்கு முன்னால், முதல் வரிசை முழுக்கக் காது மிஷின்.

"என்னண்ணே இது?" என்றார் வந்தவர். பிறகு அவரே கண்டுபிடித்துவிட்டார். "காதணி விழான்னு அடிக்கிறீங்கள்ல, அதப் பாத்துருச்சு. காதுன்னதும் மிஷினக் காட்டுது."

"குத்துறதுக்கு முன்னாடியே மாட்டச் சொல்லுதாக்கும்" என்று அண்ணனும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. பேப்பர் கட்டை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார். அவர்கள் போனதும் என்னைப் பார்த்தார்.

"கடவுளே வந்தாலும்னியே? கடவுள் வரலடி. தாய்மாமன் வந்தான்."

எனக்குத் தூக்கம் வராத குறை. கடையின் நெட்டைத் துண்டித்து என் போன் நெட்டில் இணைத்துப் பார்த்தேன், மிஷின் வந்தது. வேறொரு இன்காக்னிட்டோ ஜன்னலில் பார்த்தேன், அதிலும் வந்தது. பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். தளம் பெயரைக் கேட்பதில்லை. திரை எத்தனை அகலம், கிராபிக்ஸ் கார்டு என்ன, பிரவுசர் எந்தப் பதிப்பு, கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது, என்னென்ன எழுத்துரு இருக்கிறது என்று பிரவுசரிடமே விசாரித்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அடையாளம் செய்துகொள்கிறதாம். கேமராவுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வரும். இதற்கு அந்தப் பெட்டியும் கிடையாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

எழுத்துரு என்ற இடத்தில் நின்றேன். எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு மட்டும் நானூறுக்கு மேல். மூடிய கடைகளின் சிடி, நண்பர்களின் பென்டிரைவ் என்று அண்ணன் சேர்த்தவை. பிரவுசரைச் சோதிக்கும் ஒரு பக்கத்தில் பார்த்தபோது, அங்கே வந்த கம்ப்யூட்டர்களில் இது மாதிரி இன்னொன்று இல்லை என்றது. அந்த ஷாப்பிங் தளம் இதையேதான் பிடித்துக்கொண்டதா என்று உள்ளே போய்ப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகமில்லை.

அக்காவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் பேர மறைச்சுட்டுச் சொல்றேன்ல, அது மாரி" என்றார்.

"அதேதான்க்கா."

"அப்பப் பேர மறைச்சு என்னடி பண்ண? எழுத்தயில்ல மாத்தணும்."

அன்று சாயங்காலம் அதைத்தான் செய்தேன். அடிக்கடி பயன்படும் ஆறு எழுத்துருவை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினேன். தளத்தைத் திறந்தால் குக்கரும் பெட்ஷீட்டும். அக்கா என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

காலையில் அண்ணன் காதணி விழா பத்திரிகையை அச்சுக்கு அனுப்பத் திறந்தார். குலதெய்வத்தின் பெயர் இருந்த வரியில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கிடந்தன. ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் கொடுக்கும் பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு இல்லையென்றால் தமிழே இல்லை. தாய்மாமன் பெஞ்சில் காத்திருந்தார்.

"யாரக் கேட்டு அழிச்ச?"

"சிஸ்டம் ஸ்லோவா இருந்துச்சுண்ணே."

"நானூறு ஃபான்ட்டு! ஒனக்கு ஸ்லோவா இருந்தா ஒன் வீட்டு சிஸ்டத்துல கை வையி. நாளையிலேருந்து வர வேணாம்."

பென்டிரைவில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். அண்ணன் போட்ட சத்தம் அந்தக் காதுக்கும் எட்டியிருந்தது.

"அவளத் திட்டாதீங்கண்ணே. எனக்காகத்தான் செஞ்சா. எனக்கு வலது காது கேக்கல. அந்த மிஷினத் தேடுனது நான்தான்."

பெஞ்சிலிருந்த தாய்மாமன் செல்லைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரில காட்டுனியா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

"காட்டாம கம்ப்யூட்டர்ல தேடுறதா? திங்கக்கெழம புதுக்கோட்டை போயி பெரியாஸ்பத்திரில பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "போன இனிமே நீ எடு."

அக்கா பயந்தது நடந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் அக்கா உட்காரவில்லை.

"மிஷின் வர்ற வரைக்கும்தாண்ணே."

அண்ணன் அவரையே பார்த்தார். "சரி. வர்ற வரைக்கும்."

எழுத்துருக்களைத் திரும்ப ஏற்ற அரைமணி ஆனது. குலதெய்வம் தமிழுக்குத் திரும்பியது. தளமும் எங்களைக் கண்டுகொண்டு மிஷின் வரிசையைப் பழையபடி முன்னால் வைத்தது.

மருத்துவர் சொன்ன மிஷினைப் புதுக்கோட்டைக் கடையில் வாங்கி அக்கா மாட்டிக்கொண்டார். போன் மறுபடி அவர் மேசைக்குப் போனது. போன வாரம் ஒரு வாடிக்கையாளர் திரையில் மிஷின் வரிசையைப் பார்த்துவிட்டு, யாருக்கு இதெல்லாம் என்று கேட்டார்.

அக்கா முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினார். "எனக்குத்தாங்க. வாங்கி ரெண்டு மாசமாச்சு. அதுக்கு இன்னும் தெரியல."