ஜாரிங் உதவிப் பக்கத்தின் கடைசி வரி

பண்டுங் நகரத்துத் தொழிற்பள்ளி ஒன்றில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்தும் இமாஸ் குர்னியாசிக்கு வயது நாற்பத்து நான்கு. மென்பொருள்களின் உதவிப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிக்கும் அபூர்வப் பிறவிகளில் ஒருவர். அதனாலேயே நிம்மதி குறைவு.

வலையமைப்புக் கோளாறைக் கண்டுபிடிக்கும் 'ஜாரிங்' என்ற கருவியை உள்ளூர் ஆர்வலர்கள் சங்கமாகக் கூடி எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள். கருப்புத் திரையில் உதவி கேட்டால் இருபது வரி காட்டும். கடைசி வரி 'மேலும் விவரங்களுக்கு:', பக்கத்தில் ஓர் இணைய முகவரி. அந்த முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கச் சங்கம் மறந்தது; சூதாட்டக்காரர்கள் மறக்காமல் வாங்கிப்போட்டார்கள். போன வாரம் பிள்ளைகள் அதைச் சொடுக்க, முப்பத்தாறு திரைகளிலும் ஸ்லாட் சக்கரம் சுழன்றது. நடுவே பல்லிளிக்கும் தங்க டிராகன். வாசலில் தலைமையாசிரியர்.

"திங்கக்கிழமை செய்முறைத் தேர்வுலயும் இந்தக் கண்றாவி வந்துச்சுன்னா லேபைப் பூட்டிருவேன், இபு இமாஸ். நீங்க லைப்ரரில புத்தகம் அடுக்கலாம்." 'இபு' என்ற மரியாதைச் சொல்லுக்கு மட்டும் குறைவில்லை.

இமாஸ் அன்றே புது முகவரியைப் போட்டுத் திருத்தம் அனுப்பினார். ஒரே வரி. ஆனால் சங்கத்தில் எந்தத் திருத்தத்தையும் முதலில் ஒரு தானியங்கிதான் சோதிக்கும். முகவரியைத் தட்டி மூன்று நொடிக்குள் பதில் வந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சங்கத்தின் புதுத் தளமோ யாரோ தானம் செய்த ஓட்டைக் கணினியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு.

திருத்தங்களை ஏற்கும் கங் தோதோவுக்கு போன் போட்டார். அந்த மகான் பஜ்ஜி மென்றுகொண்டிருந்தார். அந்த ஊரில் அண்ணன் 'கங்', அக்கா 'தேத்தே'.

"தேத்தே, உங்க லிங்க் சிவப்பா இருக்கே."

"கங், பழைய லிங்க்ல சூதாட்டம் நடக்குது!"

"இருக்கட்டும், அரை நொடியில பதில் சொல்லுதே. நம்ம சர்வர் என்னைக்காவது அப்படிச் சொல்லிருக்கா?"

"அப்ப அந்த டிராகனையே சங்கத் தலைவராக்கிருங்க."

"கோவப்படாதீங்க தேத்தே. குழுவுல கலந்து பேசி எல்லாரும் ஒருமனசா முடிவெடுப்போம்."

கலந்து பேசினார்கள். பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். எதற்கென்று அவர்களுக்கே வெளிச்சம். ஒருவர் பச்சை நிறத்தில் கண் கூசுகிறது என்று தனி விவாதம் தொடங்கினார். ஞாயிறு மதியமும் வந்துவிட்டது. பழைய முகவரி அசையவில்லை.

இமாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முகவரியை அடியோடு அழித்து அனுப்பினார். தட்டிப் பார்க்க ஒன்றுமில்லாததால் தானியங்கி பச்சை காட்டியது. நாலே நிமிடத்தில் தோதோ ஏற்றுக்கொண்டு எழுதினார்: "இதான் தேத்தே சுத்தமான வேலை! முதல்லயே இப்படி அனுப்பிருக்கலாம்ல?"

இமாஸ் அன்று மாலையே பள்ளிக்குப் போய் எல்லாக் கணினிகளிலும் புதுப் பதிப்பை ஏற்றினார்.

திங்களன்று முப்பத்தாறு திரைகளிலும் 'மேலும் விவரங்களுக்கு:' என்று நின்றது. அப்புறம் வெறும் இருட்டு. தலைமையாசிரியர் சுற்றி வந்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

முன்வரிசைப் பெண் கை தூக்கினாள். "இபு, இதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே?"

"இல்லம்மா. தைரியமா எழுது."