குருசுக் கரட்டில் ஒரு தூக்கம்

வினோலியா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரமும் இயந்திர வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்ட வேண்டும். உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பதாகச் செல்போன் காட்டுகிறதாம்.

அவளைத் திண்டுக்கல்லில்தான் எனக்குப் பழக்கம். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நான் நர்ஸாக இருந்த கடைசி வருடம், அவளுடைய இரண்டாவது பிள்ளை கிளெமென்ட் ஏழாம் மாதத்தில் பிறந்தான். எடை ஒன்றேகால் கிலோ. பிள்ளையைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தேன். நாற்பத்தொரு நாள் அப்படியே வைத்திருந்தாள். அந்த நாட்களில் ஒன்றில் நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால், ஐந்து வயது முடிவதற்குள் குருசுக் கரடு என்ற பாறைக்குன்றின் உச்சியில் இருக்கும் சிலுவை வரை அவன் தன் காலால் நடந்து ஏறுவான்.

"தூக்கிட்டுப் போனா செல்லாது நர்ஸம்மா" என்று என்னிடம் அவளே சொன்னாள். கரட்டின் உயரத்தை அப்போது யோசிக்கவில்லை.

கரடு குஜிலியம்பாறை போகும் வழியில் இருக்கிறது. முதல் பாதி முள்ளும் சரளையும். அதற்கு மேல் மொட்டைப் பாறை. கால் வைக்க வெட்டிய குழிகளும், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் உண்டு. பெரியவர்களுக்கே இரண்டு மணி நேரம் ஆகும்.

கிளெமென்டுக்கு ஐந்து முடிவது இந்தப் பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தைய ஞாயிறுகளைச் சளியும் ஓவர்டைமும் தின்றுவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஞாயிறு. முதலுதவிப் பையோடு என்னையும் கூப்பிட்டாள். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நின்றோம். மில் பஸ் ஓட்டும் அவள் கணவர் ராயப்பராஜ், முழங்கால் வலி என்று புளியமரத்தடியில் துண்டை விரித்தார்.

"பாதியிலயே தூக்கிட்டு எறங்கப் போற, பாரு. நான் இங்கனயே இருந்து வாங்கிக்கிறேன்."

"வெயில் ஏற ஏற நெழல் நகரும். கூடவே நீங்களும் நகருங்க. அம்புட்டாவது நடங்க" என்றாள் வினோலியா.

மில்லில் நடப்பதுபோலவே ஏறினாள். நிற்கவில்லை, உட்காரவில்லை. மூத்தவள், எட்டு வயது லிடியா, பின்னால் போனாள். கிளெமென்ட் ஓணான்களை எண்ணிக்கொண்டு முதல் அரை மணி நேரம் ஓடவே செய்தான்.

"செத்த நேரம் உக்காரலாமே" என்றேன்.

"உக்காந்தா கால் புடிச்சுக்கும் நர்ஸம்மா. எங்க மில்லுல ஒருத்தியும் உக்கார மாட்டா."

"அவன் இன்னும் உங்க மில்லுல சேரலையே."

அவள் கேட்கவில்லை, நிற்காமல் ஏறினாள். அன்றைய தப்பு அதுதான். மொட்டைப் பாறை தொடங்கும் இடத்தில் கிளெமென்ட் உட்கார்ந்தான், பிறகு படுத்தான்.

"என் கால் தீந்துபோச்சு" என்றான்.

ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தேன். பாதி டம்ளரிலேயே தூங்கிவிட்டான்.

மணி எட்டு. பத்துக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். வினோலியா அண்ணாந்து சிலுவையைப் பார்த்தாள்.

"கொஞ்ச தூரம் மட்டும் தூக்கிக்கிட்டா செல்லுமா நர்ஸம்மா?"

"ஊசி போடணுமான்னு கேளு, சொல்றேன். இதை யாருக்கு நேந்தியோ அவரைக் கேளு."

அவள் குனிந்து பிள்ளையின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தாள். முறுக்கு தின்றுகொண்டிருந்த லிடியா நிமிர்ந்தாள்.

"ஏம்மா, நடந்து ஏறணும்னுதான நேந்தீங்க? தூங்கக் கூடாதுன்னு நேரலைல்ல?"

வினோலியா கையை எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவைப் பிள்ளை மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். நானும் லிடியாவும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். கீழேயிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"உக்காந்திருக்கோம்."

"நீயா?" என்றார் ராயப்பராஜ்.

நாற்பது நிமிடம் கழித்துக் கிளெமென்ட் எழுந்து இரண்டு இட்லி கேட்டான், தின்றான். இந்த முறை இருபது குழிக்கு ஒரு தடவை உட்காருவது என்று வினோலியாவே சொல்லிவிட்டாள். அவன் முதுகுக்குப் பின்னால், படாமல், ஒரு கையை நீட்டியபடியே ஏறினாள். ஒரு குழியில் அவன் கால் வழுக்கியது. சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். உடனே லிடியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சட்டைய புடிக்கிறது தூக்குறதுல வராது" என்றாள் லிடியா.

பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் சிலுவையைத் தொட்டான். சுற்றிலும் பார்த்தான். கீழே சாலையில் ஒரு பஸ் தீப்பெட்டி அளவுக்குப் போனது.

"இம்புட்டுதானா?" என்றான்.

வினோலியா மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று மூன்று முறை அணைத்தது. நாலாவது முறை அவள் சிரித்துவிட்டு, ஏற்றாமல் அப்படியே வைத்துவிட்டாள்.

சுடத் தொடங்கியிருந்த பாறையில் எல்லோரும் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தே சறுக்கி இறங்கினோம். சரளை தொடங்கியதும் கிளெமென்ட் நின்றான்.

"இன்னும் நடக்கணுமா?"

"எறங்குறதுக்கு நேரல அப்பு" என்று வினோலியா முதுகைக் காட்டிக் குந்தினாள்.

நான் துப்பட்டாவால் அவனை இறுக்கிக் கட்டினேன். வார்டில் போட்ட அதே முடிச்சு. இப்போது பதினைந்து கிலோ.

அடிவாரத்தில் ராயப்பராஜ் எழுந்து நின்றார். நிழலோடு பத்தடி நகர்ந்திருந்தார்.

"நாந்தான் சொன்னேன்ல, தூக்கிட்டுத்தான் வருவன்னு."

லிடியா இடுப்பில் கை வைத்து வாயைத் திறந்தாள். வீடு போய்ச் சேரும்வரை மூடவில்லை.